இசபெல் ரேம்போவின் கடிதங்கள்: உடன்பிறந்தாள் சான்றின் தகுதி

கடிதம் ஒருவரை நோக்கி மட்டும் எழுதப்பெறுவது. பாட்டும் கதையும் பலரை நோக்குவன. நாட்குறிப்பு எழுதியவரையே நோக்குவது. கடிதமோ, பெறுவார் இன்னார் என்று தெரிந்தே எழுதப்பெறுகின்றது. ஆதலின் கடிதத்தைச் சான்றாகக் கொண்டு ஒருவர் வரலாற்றை ஆராய்வார், எழுதியவர் யார் என்று கேட்பதோடு அமைதல் கூடாது. யாருக்கு எழுதினார்? பெற்றவர் அதனை மறுத்தும் திருத்தியும் உரைக்கும் நிலையில் இருந்தாரா? இவ்வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இவை எழுப்பப்பெறாமையால் ஒரு பெண்மணிக்கு நேர்ந்த தீர்ப்புப் பிழையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பெண்மணி பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரேம்போவின் தங்கையாராகிய இசபெல் ரேம்போ. தமையனார் மறைந்தபின் அம்மையார் அவரைப் பற்றி எழுதியவற்றில் மிகையும் மறைப்பும் கலந்துள்ளன என்பதைப் பின்வந்த அறிஞர் பலர் காட்டியுள்ளனர். ரேம்போவைச் சூழ்ந்த புனைவுகளை 1952 முதல் வெளிவந்த தம் பெருநூலில் விரிவாக ஆராய்ந்த எத்தியாம்பிள் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். இதன் விளைவாக, இசபெல் எழுதியது என்றாலே ஐயத்தோடு நோக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1891-ஆம் ஆண்டு ஜூன், ஜூலைத் திங்கள்களில், நோயுற்ற தமையனார் ஓரிடத்தும் தாம் ஓரிடத்துமாகப் பிரிந்திருந்தபோது அம்மையார் எழுதிய கடிதங்களும் இவ்வையத்தின் நிழலில் மறைந்தன. அவற்றைத் தனியே பிரித்தெடுத்து நோக்கினால் வேறொரு முடிபே கிடைக்கும்.

பிரிவின் பின்னணி

ஆர்தர் ரேம்போ 1854 அக்டோபர் 20-ஆம் நாள் பிரான்சின் வடகிழக்கிலுள்ள ஷார்ல்வில் நகரில் பிறந்தவர். இசபெல் 1860-இல் பிறந்த கடைக்குட்டி. அவ்வாண்டிலேயே தந்தையார் குடும்பத்தை விட்டு நீங்கினார். தாயாரே ரோஷ் என்னும் சிற்றூரில் இருந்த பண்ணையைக் கட்டிக்காத்து மக்களை வளர்த்தார். இருவர்க்கும் இடைப்பட்ட உடன்பிறப்பாகிய வித்தாலி, 1875 டிசம்பரில், பதினேழாம் வயதில், மூட்டு வீக்க நோயால் இறந்தார். அப்போது இசபெலுக்கு வயது பதினைந்து. பதினாறு ஆண்டுகள் கழித்துத் தமையனாருக்கும் முழங்காலில் நோய் என்று கேட்டபோது அம்மையார் உள்ளத்தில் எழுந்த அச்சத்தை அறிய விரும்புவார் இச்செய்தியை மறத்தல் கூடாது.

இருபது வயது அளவில் கவிதையைக் கைவிட்ட ரேம்போ, 1880-இல் பொருள் தேடிச் செங்கடற் பக்கம் சென்றார். ஏடன் அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது; எதிர்க்கரையில் ஒபோக் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. சூயசுக் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டபின், ஐரோப்பிய அரசுகளின் கப்பல்களும் வணிக நிறுவனங்களும் அக்கரைகளில் நெருங்கின. அவற்றின் பின்னே பிழைப்புத் தேடிச் சென்ற பல்லாயிரவருள் ரேம்போவும் ஒருவர். ஏடனிலும், உள்நாட்டிலுள்ள ஹரார் நகரிலும் அவர் காப்பியும் தோலும் தந்தமும் வாங்கி விற்றார். பதினோர் ஆண்டுகள் வீடு திரும்பவில்லை. அவ்வளவு காலமும் அவரைக் குடும்பத்தோடு பிணைத்தது கப்பலஞ்சல் ஒன்றே.

நம் அகப்பொருள் இலக்கணம் பொருள்வயிற் பிரிவை நன்கு அறியும். ஆயின் அங்கே பிரிவார் தலைவர். ஆற்றாது இருப்பார் தலைவியர். செவிலியும் தோழியும் பாணனும் கூடக் கூற்று நிகழ்த்துவர். தமையன் பிரிவுக்கு வருந்தும் தங்கைக்குத் தொல்காப்பியம் கூற்று வகுத்திலது. அவள் குரலை நாம் கேட்பது பெரும்பாலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலுமே. ஏட்டிலக்கியம் இடம் தராத ஓர் உறவின் துயரம் எவ்வாறு வெளிப்படும் என்று ஆராய்வார்க்கு இசபெலின் கடிதங்கள் பயன்படும். அம்மையார் பாவலர் அல்லர். பண்ணை வேலை செய்த சிற்றூர்ப் பெண்மணி. அவர் துயரம் பாட்டாக வெளிப்படவில்லை. தமையனார்க்காகச் செய்த அலுவல்களின் வாயிலாகவே வெளிப்பட்டது.

காலங்கடந்து வந்த காலுறைகள்

1891 பிப்பிரவரி 20-ஆம் நாள் ரேம்போ ஹராரிலிருந்து தாயாருக்கு எழுதினார். வலக்காலில் நரம்பு புடைத்து வலிக்கின்றது என்றும், இறுக்கிப் பிடிக்கும் மீள்தன்மையுடைய காலுறை ஒன்று வாங்கி அனுப்புக என்றும் கேட்டிருந்தார். தாயார் மார்ச் 27-ஆம் நாள் களிம்பும் இரண்டு காலுறைகளும் அனுப்பினார். இடைப்பட்ட நாள்களில் நோய் முற்றிவிட்டது. ஏப்பிரல் 7-ஆம் நாள், 16 சுமையாள்கள் மாறிமாறித் தூக்க, ரேம்போ கட்டிலொன்றில் கிடந்தவாறே ஹராரை விட்டுப் புறப்பட்டார். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பாலை வழியைக் கடந்து செய்லாத் துறைமுகம் சேரப் பன்னிரண்டு நாள்கள் ஆயின. வழியில் ஒருமுறை மேற்கூரை இன்றிப் பதினாறு மணி நேரம் மழையில் நனைந்தார். ஏடனில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோதுதான் காலுறைகள் அவர் கைக்கு வந்தன. அவை துயரமான நிலையில் தம்மை வந்தடைந்தன என்று ஏப்பிரல் 30-ஆம் நாள் வீட்டுக்கு எழுதினார். அன்றிலிருந்து நான்கு வாரத்தில் அக்காலே இல்லாது போயிற்று.

குடியேற்றக் காலப் பிரிவின் இயல்பை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது. அன்பு இருந்தது, பொருளும் இருந்தது, கப்பலும் இருந்தது. ஆயினும் அன்பு சென்று சேரும் முன்னரே அதனைப் பெறுவோர் நிலை மாறிவிடுகின்றது. நோயின் செய்தியும் அதற்குரிய மருந்தும் ஒன்றையொன்று கடலில் தவறவிடுகின்றன.

மே 20-ஆம் நாள் ரேம்போ மார்செய்த் துறைமுகம் வந்து, கொன்செப்சியோன் மருத்துவமனையிற் சேர்ந்தார். இரண்டு நாளில், தாயாரோ தங்கையோ உடனே வருக என்று தந்தி அடித்தார். தாயார் சென்றார். மே 27-ஆம் நாள் வலக்கால் துண்டிக்கப்பட்டது.

ஜூன், ஜூலைக் கடிதங்கள்

தாயார் ஜூன் 9-ஆம் நாள் மகனை விட்டுப் புறப்பட்டார். கண்ணீர் விட்டு அழுத மகனை விட்டு நீங்கினமையால் அவரைக் கல்நெஞ்சர் என்று பழித்தாரும் உளர். ஆனால் ரோஷில் இசபெலும் நோயுற்றிருந்தார். தம் அடக்கம் பற்றியே தமையனாருக்கு எழுதும் அளவு அம்மையார் உள்ளம் தளர்ந்திருந்தது. இதனை நாம் ரேம்போ ஜூன் 17-ஆம் நாள் எழுதிய மறுமொழியால் அறிகின்றோம். அடக்கம் என்றெல்லாம் எழுதுவது என்ன என்று அவர் தங்கையைக் கடிந்து, அஞ்சாதிருக்குமாறும் உடலைப் பேணுமாறும் தேற்றுகின்றார். தாயார் தம்மை விட்டுச் சென்றதற்குச் சினந்ததாகவும், அதன் காரணம் அப்போது விளங்கவில்லை என்றும், இப்போது அவர் தங்கையின் அருகில் இருப்பதே நன்று என்றும் கூறித் தாயாரிடம் மன்னிப்பும் கேட்கின்றார். கால் இழந்து மூன்று வாரம் ஆனவர் எழுதிய கடிதம் இது. நோயாளி இருவர், தாய் ஒருவர். இந்நிலை விளங்கினால்தான் இக்கடிதங்களில் ஒருவர்க்கொருவர் தேறுதல் கூறும் முறையும் விளங்கும்.

அடுத்து வந்தது படைப்பணிச் சிக்கல். பயிற்சிக் காலப் பணிக்கு வராதவர் என்று ரேம்போவின் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறியிருக்கலாம் என்னும் அச்சம் எழுந்தது. இசபெல் ஜூன் 21-ஆம் நாள் கடிதத்தில் இச்செய்தியை மறையாது எழுதினார். நோயாளி நெஞ்சம் பதறும் என்று அஞ்சி மூடியிருக்கலாம், மூடவில்லை. ரேம்போ கலங்கினார். பல ஆண்டுகளுக்கு முன்னரே ஏடனிலிருந்து சான்றிதழ் அனுப்பவில்லையா, எல்லாம் ஒழுங்காக உள்ளது என்றுதானே தாயார் கூறிவந்தார் என்று கேட்டு, இத்தனை துன்பத்தின் பின் சிறையும் வருமாயின் சாவே மேல் என்று ஜூன் 24-ஆம் நாள் எழுதினார். தம்மீது அரசின் கண் விழாதவாறு மட்டுமே கேட்டறிக என்றும் எச்சரித்தார்.

தங்கையார் அஞ்சி நிறுத்தவில்லை. மேலும் வினவினார். ஹராரிலிருந்து வந்த கடிதங்களை மார்செய்க்குத் திருப்பி அனுப்புவதும், காணாமற்போன கடிதம் எங்கே தவறியது என்று ஆராய்வதும் இடையிடையே நடந்தன. இறுதியில், ரேம்போ அராபியாவில் இருப்பவர் எனப் பதிவாகியுள்ளார், அவர் நிலை சட்டத்துக்கு உட்பட்டதே, பிரான்சு திரும்பும்வரை அவருக்குக் காலநீட்டிப்பு உண்டு என்று படைத்துறையின் விடை கிடைத்தது. ஜூலை 4, 8 ஆகிய நாள்களில் அம்மையார் எழுதிய கடிதங்களைப் பெற்ற ரேம்போ, தம் நிலை தெளிவானதற்கு மகிழ்ந்து ஜூலை 10-ஆம் நாள் எழுதினார்.

கவிஞர் வாழ்க்கையைத் தேடி வருவார்க்கு இவை சிறு செய்திகளாகத் தோன்றும். கவிதை பற்றி ஒரு சொல்லும் இவற்றுள் இல்லை. தமையனார் கவிஞர் என்பதை அவர் மறைவுக்குப் பின்னரே அறிந்ததாக இசபெலும் பின்னர்க் கூறினார். 1873-இல் ‘நரகத்தில் ஒரு பருவம்’ அச்சானதும், 1886-இல் ‘இல்லுமினாசியோன்’ பாரிசு இதழொன்றில் வெளிவந்ததும் இக்கடிதங்களில் இடம்பெறாத செய்திகள் ஆயின. எனவே இக்கடிதங்களில் அம்மையார் எதிரே இருந்தவர் புகழ்பெற்ற கவிஞர் அல்லர். கால் இழந்த தமையன் ஒருவரே. புகழை நோக்கிப் புனைவதற்கு இங்கே காரணமே இல்லை.

இக்கடிதங்களின் தகுதிக்கு வேறொரு சான்றும் உண்டு. அது ரேம்போ தங்கைக்கு எழுதிய முறை. இரவும் பகலும் அழுகின்றேன் என்று ஜூன் 23-இல் எழுதினார். மரக்கால் செய்வித்ததும், அதனைப் பூட்டியபோது வெட்டுண்ட இடம் வீங்கியதும், ஊன்றுகோலில் நடப்பார் படும் நாணமும் அச்சமும் ஒன்றுவிடாமல் எழுதினார். அக்கோடையில் நாடு திரும்பி மணம் செய்துகொள்ள எண்ணியிருந்ததையும், அவ்வெண்ணம் இனி இல்லை என்பதையும் ஜூலை 10-இல் தெரிவித்தார். ஜூலை 15-ஆம் நாள் கடிதத்தில் நோயின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் விரிவாக உரைத்தார். நடக்க இயலாது போனபின், பணப்பெட்டிக்கும் எழுதுமேசைக்கும் சன்னலுக்கும் இடையே கட்டிலை இடுவித்து, முற்றத்தில் நிறுக்கும் தராசைப் படுத்தவாறே கண்காணித்ததை அதில்தான் காண்கின்றோம். கவிதையைத் துறந்து, சுருங்கச் சொல்வதையே வழக்கமாகக் கொண்ட ஒருவர் இத்துணை விரிவாக எழுதினார் எனின், கேட்பார் செவியில் அவர்க்கு இருந்த நம்பிக்கையே காரணம். இசபெலின் கடிதங்களைத் தகுதி நோக்கிய முதல் வாசகர் ரேம்போவே. அவர் அவற்றை நம்பினார்.

அருகிருந்து எழுதியவை

ஜூலை 23-ஆம் நாள் ரேம்போ மருத்துவமனை விட்டு ரோஷ் வந்தார். ஒரு திங்களே தங்கினார். நோய் பரவியதால் ஆகஸ்டு 23-இல் மீண்டும் மார்செய் நோக்கிப் புறப்பட்டார். இம்முறை இசபெல் உடன் சென்று, நவம்பர் 10-ஆம் நாள் அவர் உயிர் நீங்கும்வரை அகலாதிருந்தார். நோய் புற்று என்பதே மருத்துவர் கருத்து.

இப்போது கடிதத்தின் திசை மாறுகின்றது. தமையனார் அருகில் உள்ளார். தாயார் தொலைவில் உள்ளார். செப்டம்பர் 22-ஆம் நாள் கடிதத்தில் தாயாரின் கடிதங்கள் மிகச் சுருங்கியிருத்தலை அம்மையார் குறைகூறி, எங்களை வெறுத்தீரோ என்று கேட்கின்றார். இதுவும் மறுமொழி கூறவல்லார்க்கு எழுதியதே; ஆதலின் தாயாரோடு தொடர்புடைய செய்திகளில் இதனை நம்பலாம். ஆயின் தமையனாரைப் பற்றிய செய்திகளில் நிலை வேறு. அவரைப் பற்றி எழுதுவது இங்கே அவருக்குத் தெரியாது. அவர் திருத்துவதற்கும் வழியில்லை.

அக்டோபர் 28-ஆம் நாள் கடிதம் இவ்வகையில் பெரும் பூசலுக்கு உரியது. தமையனார் சமய நம்பிக்கைக்குத் திரும்பினார், குருவிடம் பாவமன்னிப்புப் பெற்றார் என்று அம்மையார் மகிழ்ந்து எழுதிய கடிதம் இதுவே. அதற்கு வேறு சான்று இல்லை. பெறுவாராகிய தாயார் ஆழ்ந்த சமயப் பற்றுடையவர். அச்செய்தியைக் கேட்க விழைந்தவர். எழுதுவாரும் பெறுவாரும் ஒன்றையே விரும்பும்போது, கடிதத்தைத் தடுத்துக் கேட்பார் எவரும் இல்லை. ஆகவே இச்செய்தியை மெய்யென்று நிறுவவும் இயலாது. பொய்யென்று தள்ளவும் இயலாது.

எனினும் அக்கடிதத்திலேயே, எழுதுவார் விருப்பத்துக்குத் துணை செய்யாத செய்தி ஒன்றும் உண்டு. நோயாளி சிலவேளை தம்மை ஜாமி என்று அழைத்தார் என அம்மையார் எழுதுகின்றார். ஜாமி என்பவர் ஹராரில் ரேம்போவிடம் பணிபுரிந்தவர். பதினோர் ஆண்டு பிரிந்திருந்து, இரவு பகலாகப் பணிவிடை செய்யும் தங்கையைத் தொலைநாட்டு ஏவலர் பெயரால் தமையன் அழைக்கின்றார். இதனைப் புனைந்துரைக்க எந்தத் தங்கையும் விரும்பாள். அருகிருந்தபோதும் தமையனாரின் உள்ளம் ஹராரில் இருந்தது என்பதை, தம்மை அறியாமலே அம்மையார் பதிவு செய்துவிட்டார். பிரிவு இடத்தால் மட்டும் அமைவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

நவம்பர் 9-ஆம் நாள் நிகழ்ந்ததும் இத்தகையதே. இறப்பதற்கு முந்திய நாள், ரேம்போ கப்பல் நிறுவனத் தலைவர் ஒருவருக்குக் கடிதம் சொல்ல, இசபெல் எழுதினார். தொடக்கத்தில் தந்தங்களின் கணக்கு, பொருள் தொடர்பின்றி வருகின்றது. பின்னர்த் தம்மை எந்நேரத்தில் கப்பலுக்குத் தூக்கி வரவேண்டும் என்னும் வினா. சமயப் பெரியாராகத் தமையனை உயர்த்த விரும்பியவருக்கு இக்கடிதம் ஒரு தடை. ஆயினும் அம்மையார் கேட்டவாறே எழுதினார். கிழித்தெறியாமல் காத்தும் வைத்தார்.

மறைவுக்குப் பின் எழுதியவை

தமையனார் மறைந்தபின் உள்ளூர்ச் செய்தித்தாளில் அவரது இளமை வாழ்வு பற்றிக் கட்டுரை வெளிவந்தது. அம்மையார் 1891 டிசம்பரிலேயே மறுப்பு எழுதத் தொடங்கினார். 1897-இல் பத்தேர்ன் பெரிசோன் என்னும் புனைபெயர் கொண்ட எழுத்தாளரை மணந்தார். பெரிசோன் 1899-இல் ரேம்போவின் எகிப்து, அராபிய, எத்தியோப்பியக் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டபோது சொற்களையும் பணத்தொகைகளையும் மாற்றினார். 1946-இல் பிளெயாத் வரிசையில் வந்த பதிப்பு முதலாகத் திருந்திய பாடங்கள் வெளிவரலாயின. இசபெல் 1917-இல் மறைந்தார். அவர் கட்டுரைகள் 1921-இல் ‘ரெலிக்’ என்னும் பெயரால் நூலாயின.

இக்காலத்து எழுத்தில் தமையனார் கிட்டத்தட்ட மறையோர் நிலைக்கு உயர்த்தப்படுகின்றார். இவ்வெழுத்து வாசகர் பலரை நோக்கியது. மறுமொழி கூறவேண்டியவர் மண்ணுள் இருந்தார். இதனை ஐயுறுதல் முறையே. ஆயினும் இதனையும் வெறும் பொய்யென்று ஒதுக்குதல் பொருந்தாது. கடிதம் எழுத ஆள் இல்லாது போனபின், பேணுதற்கு எஞ்சியது பெயர் ஒன்றே. ஊன்றுகோலுக்கும் படைத்துறைத் தாளுக்கும் உழைத்த அதே கை, பின்னர்ப் புகழுக்கு உழைத்தது. முன்னதில் தவறு நேர்ந்தால் தமையன் திருத்தினார்; பின்னதில் திருத்துவார் இல்லை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் இசபெலின் எழுத்துக்கள் மூவகைப்படும் என்பது பெறப்படும். தமையனுக்கு எழுதியவை முதல்வகை. தமையனைப் பற்றித் தாய்க்கு எழுதியவை இரண்டாம் வகை. தமையனைப் பற்றி உலகுக்கு எழுதியவை மூன்றாம் வகை. இம்மூன்றும் ஒரே கையால் எழுதப்பட்டவையாயினும் ஒரே தகுதி உடையன அல்ல. மூன்றாம் வகையில் கண்ட குற்றத்தை முதல்வகைமேல் ஏற்றுதல் ஆராய்ச்சி நெறி ஆகாது. முதல்வகைக் கடிதங்கள் ஒவ்வொன்றையும் தமையனார் மறுமொழியோடு ஒப்புநோக்க இயலும். ஒப்புநோக்கிய இடமெல்லாம் அவை நிலைபெறுகின்றன.

பிரிந்திருந்த அக்காலத்தில் இசபெல் வருத்தத்தைக் கூறியதினும் வருத்தத்துக்குரிய பணிகளைச் செய்ததே மிகுதி. அதனால் அக்கடிதங்கள் அழகிய தொடர்களைத் தேடுவார்க்கு ஏமாற்றம் தரலாம். ஆயின் இரு நோயாளிகள், நாட்டின் இரு கோடிகளில் இருந்துகொண்டு, ஒருவர் உயிரை மற்றவர் தாங்கிய வரலாற்றை வேறெந்த நூலும் அத்துணை நேர்மையாகக் கூறவில்லை. ரேம்போவைப் பற்றி இசபெல் கூறியதை நம்பலாமா என்று கேட்கும் அறிஞர், ரேம்போவிடம் இசபெல் கூறியது யாது என்பதை முதற்கண் பயிலுதல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.